நாலு அறை, ஒரு திறப்பு

உப்புவெளியில் என் விடுதிக்கு நாலு அறை,
நாலுக்கும் வெவ்வேறு பூட்டு.
மூன்றாம் அறைத் திறப்பை இத்தாலிக்காரன் தொலைத்த அன்று
மாரி மழைக்குள்
மடத்தடிச் சந்திவரை பூட்டுக்காரனைத் தேடி அலைந்தவள் நான்.
ஆனால் கைபேசிக்குள்
வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் அறைப் பதிவுக்கும்
ஒரே சொல்:
மகனின் பெயர், அவன் பிறந்த ஆண்டு.
கேக் வெட்டிய படத்தோடு இரண்டையும்
ஊருக்கே போட்டுக் காட்டியும் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை. பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.
"றெஜினா அக்காவோ?"
பெயர் தெரிந்திருந்தது அவனுக்கு.
(வாசல் பலகையிலும் அதுதானே இருக்கிறது.)
நல்ல தமிழ். பதறாமல் பதறவைக்கிற குரல்.
"உங்கட கணக்கைக் கள்ளர் திறக்கப் பார்க்கினம்,
தடுக்கத்தான் எடுத்தனான்.
இப்ப ஆறு எண் வரும், வாசியுங்கோ."
வந்தது.
எண்ணுக்குக் கீழே
'யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று இருந்தது.
அந்த வரியையும் சேர்த்து அவனுக்கே வாசித்தேன்.
"ஓம் அக்கா," என்றான், "எங்களைத் தவிர."

மீன் கழுவி முடிய முன்னம்
நாற்பத்தெட்டாயிரம் போய்விட்டது.

வங்கியில் சஹ்ரினா என்றொரு பிள்ளை.
கணக்கை மறித்து, புதிதாய்த் திறக்க எண் அனுப்பினாள்.
வந்த எண்ணை அவளிடம் நீட்டினேன்.
இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
"எனக்கும் காட்டாதீங்க!"
கேட்டவன் கள்ளன். கண்ணைப் பொத்தினவள் வங்கி.
நாற்பத்தெட்டாயிரத்துக்கு
இவ்வளவுதான் படித்தேன்.

திரும்பி வரும்போது
வீதியில் மான் ஒன்று குறுக்கே நின்று
சொப்பிங் பையைச் சப்பிக்கொண்டிருந்தது.
ஓட்டோ நின்றது. அந்த நிற்பில்தான்
வயிற்றுக்குள் ஏதோ விழுந்தது:
கடவுச்சீட்டுகள்.

பதிவுக்கென்று நான் படம் எடுத்து
அழிக்க மறந்தவை.
மூன்று வருஷம், நூற்றுப் பன்னிரண்டு முகம்.
முந்தின கைபேசி புறாத்தீவுக்குப் போன படகில் இருந்து
தண்ணிக்குள் போனபோது
புதியதில் அத்தனையும் தானாக வந்து இறங்கின.
"மேகத்தில இருந்தது அன்ரி," என்றான் கடைப் பொடியன் அனோஜன்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
மேலே இருப்பதற்கு ஒன்றும் வராது என்று
நம்பியும் விட்டேன்.

மேகம் இல்லை அது.
எந்த நாட்டிலோ ஒரு குளிரூட்டிய கட்டிடம்,
இரவுபகலாய் இரைகிற பெட்டிகள்,
கரண்ட் பில் கட்டுகிற யாரோ.
கடலடிக் கம்பி வழியே என் படங்கள் அங்கே போய்
ஆரோ ஒருவரின் இரும்பு அலுமாரியில்
ஒரு தட்டில் குடியிருக்கின்றன.
அலுமாரி நல்லதுதான். உடைக்க ஏலாது.
அதன் திறப்பைத்தான்
நான் மகன் பெயரில் வெட்டி
வாசலில் கொழுவியிருந்தேன்.

மின்னஞ்சலுக்கும் அதே சொல் என்பதால்
அவன் உள்ளே போனானா,
அந்த முகங்களைப் புரட்டினானா?
தெரியாது. தெரியாததுதான் கொடுமை.
வாடகை வாங்கி நான் படுக்கை விரித்துக் கொடுத்தவர்கள்.
நுளம்புவலைக்கு ஓட்டை இருக்கா என்று பார்த்தவள்,
இதைப் பார்க்கவில்லை.

அன்றிரவு ஒவ்வொரு கணக்காய் மாற்றினேன்.
கன்னியாவில் ஏழு கிணறு அருகருகே கிடந்தும்
ஒன்றின் சூடு மற்றதுக்கு இல்லை;
அப்படி வைத்தேன்.
ஒன்றோடொன்று ஒட்டாத சொற்களைக் கோர்த்து நீளமாய்.
என்ன சொற்கள் என்று கேட்காதேயுங்கோ.
ஒவ்வொன்றுக்கும் இரண்டாம் தாழ்ப்பாளும் போட்டேன்.
கடவுச்சீட்டுகளை அழித்தேன்,
பிறகு குப்பைக்கூடையைத் திறந்து
அங்கேயும் அழித்தேன்.

விடியும்வரை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன்:
என் கவனக்குறைவு. உங்கள் படம் வெளியே போயிருக்கலாம்.
கவனமாக இருங்கள்.
சிலர் ஏசினார்கள். பலர் பேசவில்லை.

இத்தாலிக்காரன் பதில் போட்டிருந்தான்,
ஒரு படமும் இணைத்து.
நான் அதைத் தொடவில்லை.
பழைய எண்ணுக்கு அழைத்து
அவன்தானா என்று குரலைக் கேட்டபிறகே திறந்தேன்.
மூன்றாம் அறைத் திறப்பு,
பித்தளை வளையத்தோடு, அவன் உள்ளங்கையில்.
பையின் கிழிசலுக்குள் கிடந்ததாம்.
தபாலில் அனுப்பவா என்று கேட்டிருந்தான்.

வேண்டாம், வைத்திரு என்று எழுதினேன்.
பூட்டு மாற்றியாச்சு.